காயங்களைக் கண்டு மகிழ்ந்தார்கள்

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு நன்றி ஆராதனையில் கல்லூரிச் சிற்றாலயத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



"துக்கத்தின் பின் சந்தோஷம்" என்ற தலைப்பைச் செயற்குழு எனக்குத் தந்தபோது, நூறாவது ஆண்டு விழாவில் துக்கத்தைப் பற்றிப் பேச வேண்டுமா என்று சிலர் கேட்டார்களாம். நியாயமான கேள்விதான். ஆனால் இந்தச் சிற்றாலயத்தின் வாங்குகளைக் கொஞ்சம் திரும்பிப் பாருங்கள். 1995 ஒக்டோபர் 30 இரவு, மழைக்குள் நாவற்குழிப் பக்கம் நடந்த சனத்துக்குள் நம்மில் எத்தனை பேர் இருந்தோம்? 2004 டிசம்பர் 26 காலையில் கடற்கரைக் கிராமங்களில் சொந்தங்களைத் தேடியவர்கள் எத்தனை பேர்? 2009 மே மாதத்தை இன்னும் வாய்திறந்து சொல்ல முடியாதவர்கள் எத்தனை பேர்? இந்த மலரை ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருந்து வாசிக்கப்போகிறவர்களில் பலர், பெற்ற தாயின் செத்தவீட்டைக் கைபேசித் திரையில் பார்த்தவர்கள். பெட்டி மூடப்படும் நேரத்தில் இணைப்பு அறுந்துபோன கதைகளும் எனக்குத் தெரியும். இவற்றை விட்டுவிட்டு நூறாண்டைக் கொண்டாடினால், பாதிப் பேரை வாசலில் நிறுத்திவிட்டு விருந்து வைப்பதுபோல இருக்கும்.

முதலில் ஒரு குறையைச் சொல்லிவிடுகிறேன். நம் கிறிஸ்தவர்களுக்கு ஆறுதல் சொல்ல அவசரம் அதிகம். செத்தவீட்டுக்குள் காலை வைத்ததும், அழுதுகொண்டிருக்கிறவளின் தோளைத் தட்டி, "கர்த்தருடைய சித்தம், அழக்கூடாது, சாட்சியாக இருக்க வேணும்" என்று சொல்லிவிடுகிறோம். அவள் அழுதால் விசுவாசம் குறைந்தவள். அழாமல் இருந்தால் திடமானவள். இது யார் போட்ட சட்டம் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். வேதத்தில் அப்படி ஒரு சட்டம் இல்லை. வேதத்தில் புலம்பல் என்ற பெயரிலேயே ஒரு புத்தகம் இருக்கிறது. சங்கீதங்களில் பெரும் பகுதி முறையீடும் அழுகையும்தான். 88ஆம் சங்கீதத்தை வீட்டில் போய் வாசித்துப் பாருங்கள். மற்றச் சங்கீதங்களில் பெரும்பாலானவை அழுகையில் தொடங்கினாலும் கடைசியில் ஒரு துதியில் வந்து நிற்கும். அது இருட்டிலேயே தொடங்கி இருட்டிலேயே முடிகிறது. அதை வேதத்தில் சேர்த்தவர்கள் யாரும் அதற்கு ஒரு சந்தோஷமான முடிவை ஒட்டவில்லை. ஒப்பாரி சொல்லத் தெரிந்த சமூகத்தில் பிறந்த நமக்கு இது விளங்காமல் போகக்கூடாது.

யோபுவின் நண்பர்களையும் பாருங்கள். அவர்கள் செய்த ஒரேயொரு நல்ல காரியம், வந்து ஏழு நாள் வாய்பேசாமல் அவரோடு தரையில் இருந்ததுதான். எட்டாம் நாள் விளக்கம் சொல்லத் தொடங்கினார்கள், காரியம் கெட்டது. அந்தப் புத்தகத்தின் கடைசியிலே யோபுக்கு ஆடு, மாடு, ஒட்டகம் எல்லாம் முன்பு இருந்ததைப்போல இரண்டு மடங்காகக் கிடைக்கின்றன. பிள்ளைகள் மட்டும் முன்போலவே பத்துப் பேர். ஏழு மகன், மூன்று மகள். ஆட்டை எண்ணுவதுபோலப் பிள்ளையை எண்ண முடியாது என்பதாக நான் இதை எடுத்துக்கொள்கிறேன். செத்த பத்துப் பேரும் யோபுவின் கணக்கில் கழிக்கப்படவில்லை. ஒரு பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் "மற்றப் பிள்ளைகள் இருக்கினம்தானே" என்று சொல்லும் நம் வாய்க்கு இதைவிட நல்ல பூட்டு இல்லை.

லாசருவின் கல்லறையண்டையில் இயேசு கண்ணீர் விட்டார் என்று யோவான் எழுதுகிறார். இன்னும் சிறிது நேரத்தில் அவனை எழுப்பப்போகிறார் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தும் அழுதார். மரியாள் அழுகிறபோது அவர் விளக்கம் சொல்லி அவள் கண்ணைத் துடைக்கவில்லை. ஆகவே சகோதரிகளே, அழுகை விசுவாசத்துக்கு எதிரி அல்ல. சந்தோஷத்துக்கும் எதிரி அல்ல.

அப்படியானால் அந்தச் சந்தோஷம் எங்கே இருக்கிறது? இதற்கு நான் யோவானின் 20ஆம் அதிகாரத்துக்குத்தான் போவேன்.

அங்கே முதலில் வருகிறவள் மகதலேனா மரியாள். விடியுமுன் இருட்டோடு வருகிறாள். அவள் அழுவதற்குக் காரணத்தைக் கவனியுங்கள். இயேசு இறந்துபோனார் என்பதற்காக மாத்திரம் அல்ல. உடலைக் காணவில்லை, எடுத்துப்போனவர்கள் எங்கே வைத்தார்கள் என்று தெரியவில்லை என்பதே அவளுடைய முறையீடு. தூதர் கேட்டாலும் அதையே சொல்கிறாள். தோட்டக்காரன் என்று நினைத்தவரிடமும் அதையே சொல்கிறாள். எங்கே வைத்தீர் என்று சொல்லும், நான் எடுத்துக்கொள்கிறேன் என்கிறாள். வேறு நாட்டிலுள்ளவர்களுக்கு இது பழைய காலத்துக் கதையாக இருக்கலாம். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் வீதியோரம் கொட்டில் போட்டுப் படங்களோடு அமர்ந்த தாய்மாரைப் பார்த்த நமக்கு அப்படி இல்லை. மரியாள் கேட்டதைத்தான் அவர்களும் கேட்டார்கள். எங்கே என்று சொல்லுங்கள்.

உயிர்த்த ஆண்டவர் முதன்முதல் பேசியது இந்தக் கேள்வியோடு நின்ற பெண்ணிடம். அவளை அடையாளம் கண்டு பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். அப்போதுதான் அவளுக்கு அவரைத் தெரிகிறது.

அன்று மாலை நடந்ததுதான் எனக்கு இன்னும் முக்கியம். சீஷர்கள் பயந்து கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருக்கிறார்கள். கதவைப் பூட்டிக்கொண்டு, சத்தம் வராமல், வெளியே நடக்கிற காலடியைக் கேட்டுக்கொண்டிருப்பது என்னவென்று நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. இயேசு நடுவில் வந்து நிற்கிறார். சமாதானம் சொல்லிவிட்டு, கைகளையும் விலாவையும் காட்டுகிறார். அதன்பின்தான் அவர்கள் சந்தோஷப்பட்டார்கள் என்று எழுதியிருக்கிறது. நான் ஓய்வு நாட்பாடசாலையில் இந்த இடத்தைப் பலமுறை படித்தவள், படிப்பித்தும் இருக்கிறேன். மகிழ்ச்சிக்கு முந்தி வருவது காயங்கள் என்பது நெடுநாள் என் கண்ணில் படவேயில்லை. சாவை வென்றவருக்கு ஆணித் தழும்புகளை மறைப்பது பெரிய காரியமா? மறைக்கவில்லை. எட்டு நாள் கழித்துத் தோமாவுக்கும் அதையே காட்டினார். கிறிஸ்தவ சந்தோஷம் என்பது காயம் இல்லாமற் போவது அல்ல. காயத்தோடேயே உயிரோடு எழும்புவது என்றே நான் அந்த அதிகாரத்திலிருந்து விளங்கிக்கொண்டேன்.

வேதத்திலுள்ளவர்களை மட்டும் சொன்னால், அது அவர்களுக்கு, நமக்கு அல்ல என்று ஒதுக்கிவிடுவோம். ஆகவே நம் பக்கத்துப் பெண் ஒருவரைச் சொல்கிறேன். இந்தியாவின் பண்டிதை ரமாபாய். நம் நாளில் வரலாற்றுப் பாடத்தில் ஒரு வரியில் வந்துபோனவர். பிள்ளைகளுக்கு அந்த ஒரு வரியும் இப்போது இருக்கிறதோ தெரியாது.

ரமாபாய் 1858இல் பிறந்தவர். தகப்பன் ஒரு சமஸ்கிருதப் பண்டிதர். பெண்களுக்கு அந்த மொழியைக் கற்பிக்கக்கூடாது என்றிருந்த காலத்தில் தன் மனைவி லட்சுமிபாய்க்குக் கற்பித்தவர். அதற்காக ஊராரின் எதிர்ப்பையும் சம்பாதித்தவர். அந்தத் தாய்தான் விடியற்காலையில், வீட்டு வேலைகள் தொடங்குமுன், மகளுக்கு சுலோகங்களைச் சொல்லிக்கொடுத்தார். குடும்பம் ஊர் ஊராக, கோவில் கோவிலாகப் புராணம் வாசித்து வாழ்ந்தது. 1870களின் பஞ்சத்தில் கையிலிருந்தது எல்லாம் முடிந்தது. தகப்பன், தாய், அக்கா மூவரும் சில மாத இடைவெளியில் ஒருவர் பின் ஒருவராக இறந்தார்கள். தாய் இறந்தபோது பாடை தூக்க ஆள் காணாது. இரண்டு பேர் இரங்கி வந்தார்கள், தமையன் மூன்றாவது, நான்காவது ஆளாக ரமாபாயே தூக்கினார். ஆள் கட்டை என்பதால் தோளில் வைத்தால் உயரம் சரிவரவில்லை. தலையில் வைத்துச் சுமந்துபோனார். பெண்கள் படலையோடு நின்றுவிடும் நம் ஊர் வழக்கத்தில் வளர்ந்த எனக்கு அந்த இடத்தை வாசித்தபின் சிறிது நேரம் புத்தகத்தை மூடிவைக்க வேண்டியிருந்தது.

அதன்பின் அண்ணனும் தங்கையும் வடக்கு நோக்கி ஆயிரக்கணக்கான மைல்கள் நடந்தார்கள். பஞ்சாபின் கடுங்குளிரில் போர்வை இல்லாமல், ஜீலம் ஆற்றங்கரை மணலில் சவக்குழிபோல இரண்டு குழி தோண்டி, தலையை மட்டும் வெளியே விட்டு, மணலை மேலே மூடிக்கொண்டு உறங்கியதை அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். 1878இல் கல்கத்தா போய்ச் சேர்ந்தார்கள். அங்கேயுள்ள அறிஞர்கள் அவருடைய சமஸ்கிருதப் புலமையைப் பரீட்சித்துப் பண்டிதை, சரஸ்வதி என்ற பட்டங்களைக் கொடுத்தார்கள். 1880இல் தமையனும் இறந்தார். அதே ஆண்டில் ரமாபாய் ஒரு வங்காள வழக்கறிஞரைச் சாதி கடந்து மணம் முடித்தார். ஒரு பெண் குழந்தை, மனோரமா. 1882 பெப்ரவரியில் கணவரை வாந்திபேதி கொண்டுபோயிற்று. அப்போது அவருக்கு இன்னும் 24 வயது ஆகவில்லை.

1883இல் இங்கிலாந்து போய், வாண்டேஜ் என்ற ஊரில் அருட்சகோதரிகளோடு தங்கியிருந்தபோது திருமுழுக்குப் பெற்றார். அது அந்நாளில் அவருடைய நாட்டில் பெரிய சர்ச்சை. இங்கே அமர்ந்திருக்கும் என் இந்து சகோதரிகளுக்கு ஒன்றைச் சொல்லவேண்டும்: உங்களை மதம் மாற்ற இந்தக் கதையைச் சொல்லவில்லை. எழுத்தும் அறிவும் தந்த தாயை ரமாபாய் ஒருநாளும் விட்டுக்கொடுக்கவில்லை. 1887இல் ஆங்கிலத்தில் அவர் எழுதிய, உயர்சாதி இந்துப் பெண்களின் நிலைபற்றிய நூலை அந்தத் தாயின் நினைவுக்கே சமர்ப்பித்தார்.

நான் சொல்ல வந்த இடம் இதுதான். திருமுழுக்குப் பெற்ற அன்றே சந்தோஷம் வந்துவிட்டது என்று ரமாபாய் சொல்லவில்லை. அப்போது தனக்குக் கிடைத்தது கிறிஸ்து மார்க்கம், கிறிஸ்து அல்ல என்று 1907இல் எழுதிய சாட்சியில் வெளிப்படையாகவே சொல்கிறார். அறிவுக்கு மார்க்கம் பிடித்திருந்தது. உள்ளே அமைதி இல்லை. அந்த அமைதி கிடைக்க இன்னும் சுமார் எட்டு ஆண்டுகள் சென்றன. அதற்குள் அவர் சும்மா இருக்கவும் இல்லை. அமெரிக்கா போய்ப் பேசிப் பணம் சேர்த்து வந்து, 1889இல் பம்பாயில் இளம் விதவைகளுக்காகச் சாரதா சதனத்தைத் திறந்தார். அங்கே முதலில் சேர்ந்தவர்களில் ஒருவரான கோதுபாய்தான் பின்னர் டி. கே. கார்வேயை மறுமணம் செய்தவர். அந்தக் கார்வே 1916இல் பெண்களுக்கெனப் பல்கலைக்கழகம் தொடங்கினார். மனம் ஆறியபின் வேலை செய்யலாம் என்று ரமாபாய் காத்திருந்தால் கோதுபாய்க்கு என்ன ஆகியிருக்கும்? மனம் ஆறாமலே வேலையைத் தொடங்கினார். ஆறுதல் பின்னால் வந்து அவரைப் பிடித்தது. துக்கத்தில் இருக்கிறவர்களிடம் "இன்னும் ஆறவில்லையோ" என்று ஆண்டுத் திவசத்துக்கு முன்பே கேட்கிறவர்கள் இந்த எட்டு ஆண்டைக் கொஞ்சம் நினைக்க வேண்டும்.

1896இல் மத்திய மாகாணங்களில் பஞ்சம் வந்தது. ரமாபாய் பூனாவில் இருந்தார். போக வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. ஆனால் 20 ஆண்டுகளுக்கு முந்திய தன் பசி அவரை இருக்கவிடவில்லை. புறப்பட்டுப் போய், வழியோரங்களிலும் நிவாரண முகாம்களிலும் கிடந்த பெண்பிள்ளைகளை நூற்றுக்கணக்கில் கூட்டிவந்தார். கேட்கான் என்ற இடத்தில் பழத்தோட்டத்துக்காக வாங்கிய காணி, விடுதியும் கிணறும் பள்ளிக்கூடமும் நெசவுசாலையும் அச்சகமுமாக மாறியது. அதற்கு முக்தி என்று பெயரிட்டார். பார்வையற்ற பெண்களுக்கு அங்கே பிரெய்ல் எழுத்துக் கற்பித்தார்கள். பெண்களே அச்சுக் கோத்தார்கள். பசியில் வாடிய பிள்ளை எப்படிப் படுத்திருக்கும், எதற்குப் பயப்படும் என்று ரமாபாய்க்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. ஆற்றங்கரை மணல்குழியில் அவர் அதைப் படித்திருந்தார். அங்கிருந்து வந்த சாட்சிகளில் பாட்டும் ஆரவாரமுமாக ஒரு மகிழ்ச்சி தெரிகிறது. பஞ்சத்தில் தாயை இழந்தவள், பஞ்சத்தில் தாயை இழந்தவர்களுக்கு நடுவில் இருந்து பாடுகிறாள்.

பின்பு துக்கமே வரவில்லையா? வந்தது. பாடசாலைப் பொறுப்பைத் தோளில் ஏற்றிருந்த ஒரே மகள் மனோரமா 1921இல் காலமானார். முதிர்ந்த வயதில் எபிரேயமும் கிரேக்கமும் படித்து, சாதாரண பெண்களுக்கு விளங்கும் மராத்தியில் வேதத்தை மொழிபெயர்த்துக்கொண்டிருந்த ரமாபாய், மகளைப் புதைத்தபின்னும் அந்த வேலையை விடவில்லை. அதை முடித்து, 1922 ஏப்ரல் 5ஆம் தேதி கண்மூடினார். முக்தி இன்றும் இயங்குகிறது.

அவ்வளவு தூரம் போகாமல் இங்கேயும் ஒருவரைக் காட்டலாம். உடுவில் மகளிர் பாடசாலையின் எலிசா அக்னியூ அம்மையாரைப் பற்றி நம் அம்மம்மாமார் கதை கதையாகச் சொல்வார்கள். சிறுவயதில் வந்த அழைப்பைப் பெற்றோருக்காகப் பிற்போட்டு, அவர்கள் இறந்தபின் 1840இல் யாழ்ப்பாணம் வந்தவர். ஏறக்குறைய 40 ஆண்டுகள் ஒருமுறையேனும் ஊர் திரும்பாமல் படிப்பித்தார். வீட்டில் யாரும் இல்லாமற்போன பெண்ணுக்கு, ஆயிரம் பெண்பிள்ளைகளின் தாய் என்று பெயர் வந்தது. நம் மகளிர் கல்லூரிகள் எல்லாவற்றுக்கும் அந்தப் பாடசாலை மூத்த அக்கா. ஆகையால் அவருடைய பிள்ளைகளில் நாமும் ஒரு பங்கு.

கடைசியாக, நம் சங்கத்து அக்கா ஒருவரைப் பற்றி, அவரிடம் அனுமதி கேட்டே சொல்கிறேன். பெயர் சொல்லமாட்டேன், தெரிந்தவர்களுக்குத் தெரியும். 2009இல் அவருடைய மகன் காணாமற்போனார். அவருடைய தேவாலயத்தில் நவம்பர் மாதத்தில் மரித்தோரை நினைவுகூரும் ஆராதனை நடக்கும். முந்திய ஞாயிறு வாசலில் ஒரு கொப்பி வைப்பார்கள். பெயர்களை எழுதிக் கொடுத்தால் போதகர் வாசித்து மன்றாடுவார். அக்கா ஒவ்வொரு வருடமும் அந்தக் கொப்பிக்கு முன்னால் நின்று, கணவருடைய பெயரை எழுதுவார், தாய் தகப்பன் பெயர்களை எழுதுவார், பேனாவை வைத்துவிடுவார். மகனுடைய பெயரை எழுதினால் அவன் செத்துவிட்டான் என்று தன் கையாலே ஒப்புக்கொண்டதாக ஆகும். எழுதாவிட்டால், அந்த நாள் முழுவதும் அவன் யாருடைய வாயிலும் வரமாட்டான். சேமக்காலையில் மற்றவர்கள் மெழுகுதிரி ஏற்றும்போது அவருக்கு ஏற்ற ஒரு இடம் இல்லை.

பல வருடங்கள் அந்த ஆராதனைக்கே போகாமல் விட்டார். ஒருமுறை புதிதாக வந்த போதகர் ஏன் என்று வீட்டுக்கு வந்து கேட்டிருக்கிறார். அக்கா சொன்னார். போதகர் விளக்கம் ஒன்றும் சொல்லவில்லை. தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். அடுத்த நவம்பரில் கொப்பியில் பக்கத்தை இரண்டாகக் கோடு போட்டுப் பிரித்திருந்தது. ஒரு பக்கம் மரித்தவர்கள். மறு பக்கம், எங்கே என்று ஆண்டவருக்கு மாத்திரம் தெரிந்தவர்கள். அக்கா மகனுடைய பெயரை எழுதினார். அவருக்குப் பின்னால் இன்னும் பதினொரு பெயர்கள் அந்தப் பக்கத்தில் வந்தனவாம். பதினொரு வீடுகளும் அதுவரை ஒரே தேவாலயத்தில், பக்கத்துப் பக்கத்து வாங்குகளில், ஒருவருக்கொருவர் சொல்லாமல் இருந்திருக்கிறார்கள்.

அவர்கள் இப்போது மாதம் ஒருமுறை கூடுகிறார்கள். செபம் முதல், சமையல் பிறகு, கதை இருட்டும்வரை. அக்கா அங்கே பகிடி விட்டுச் சிரிக்கிறார். பள்ளியில் படித்த காலத்தில் பாடகர் குழுவில் இரண்டாம் குரலில் பாடியவர். இந்தக் கிறிஸ்மஸுக்கு, நீண்ட காலத்தின் பின், மறுபடி குழுவில் சேர்ந்திருக்கிறார். மகன் வரவில்லை. தேடுவதையும் அவர் விடவில்லை. கோவைகளை ஒழுங்காக வைத்திருக்கிறார், கூப்பிடும் இடங்களுக்கெல்லாம் போகிறார். சந்தோஷமாக இருக்கிறீர்களா அக்கா என்று இந்த உரைக்காக நான் கேட்டேன். "ஓம் பிள்ளை, அழுதுகொண்டுதான்" என்றார்.

செயற்குழுவோடு பேசி, அந்தத் தேவாலயத்தில் பார்த்ததை இங்கேயும் செய்யத் துணிந்திருக்கிறோம். இந்தச் சிற்றாலயத்தின் வாசலில், வலப்பக்கத் திண்ணையில், கோடு போட்டுப் பிரித்த ஒரு கொப்பி இருக்கிறது. பேனா நூலில் கட்டியிருக்கிறது. ஒரு பக்கத்தில் நம்மோடு படித்து இறந்துபோனவர்களின் பெயர்களையும், நமக்குக் கற்பித்துக் காலமானவர்களின் பெயர்களையும் எழுதுங்கள். மறு பக்கத்தில், எங்கே என்று நமக்குத் தெரியாத தோழிமாரின் பெயர்களை எழுதுங்கள். எந்த வகுப்பு, எந்த ஆண்டு என்று தெரிந்தால் அதையும் போடுங்கள். சமய வேறுபாடு இல்லை. வெளிநாட்டில் இருந்து இந்த மலரை வாசிக்கிறவர்கள் சங்கச் செயலாளருக்கு எழுதி அனுப்பலாம். அடுத்த ஆண்டு நிறுவுநர் தின ஆராதனையில் எல்லாப் பெயர்களையும் ஒன்று விடாமல் வாசிப்போம். நேரம் செல்லும், மதிய உணவு கொஞ்சம் பிந்தும். பொறுத்துக்கொள்ளுங்கள்.